அங்கியை எரித்த வக்கீலும் ஆட்குறைப்பு நஷ்ட ஈடும்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ரயில் செங்கற்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரி கண்ணில் படும். அதற்கு முன்னாலேயே, பாதையை ஒட்டி, மறைமலை நகர்த் தொழிற்சாலைகள் வரிசையாகக் கடந்து போகும். செங்கற்பட்டிலிருந்து கிழக்கே திருக்கழுக்குன்றத்தைத் தாண்டினால் மாமல்லபுரக் கடற்கரை. அங்கே சிற்பக் கூடங்கள், விடுதிகள், மீனவர் குப்பங்கள். இந்த வட்டாரத்தில் விடியற்காலையில் சோற்று டப்பாவைத் தூக்கிக் கொண்டு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஓடுகிறவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர்.

அவர்களில் ஒருவரை ஒரு நாள் ஆபீசுக்குக் கூப்பிடுகிறார்கள். மேஜை மேல் ஒரு தாள் இருக்கிறது. வேலை இல்லை, கணக்கு முடிந்தது, கையெழுத்துப் போடு என்கிறார்கள். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு உழைத்த மனிதன். அவன் மனத்தில் வீட்டு வாடகை ஓடுகிறது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் ஓடுகிறது. தாளில் எழுதியிருக்கும் தொகை சரியா, தவறா என்று அவனுக்குத் தெரியாது. பேனாவை எடுக்கிறான்.

தோழர்களே, அந்தப் பேனா தாளைத் தொடுவதற்கு முன்னால் அவன் தெரிந்துகொள்ள வேண்டிய சரித்திரம் ஒன்று உண்டு. அது இதே இருப்புப் பாதையோடு சம்பந்தப்பட்டது. இதே கடற்கரை மக்களிடையே பிறந்த ஒரு கிழவரின் வாழ்க்கையோடு சம்பந்தப்பட்டது. அவர்தான் ம. சிங்காரவேலர். சிந்தனைச் சிற்பி என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். மே தினத்துக்கு மே தினம் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். ஆனால் அவர் எதற்காகப் பத்தாண்டுத் தண்டனை பெற்றார் என்று கேட்டால், நம்மில் பலர் வாய் திறக்க மாட்டோம். ஆட்குறைப்பை எதிர்த்ததற்காகத்தான் அந்தத் தண்டனை!

கடலோரத்துப் பிள்ளை

1860 பிப்ரவரி 18-ந் தேதி சென்னைக் கடற்கரையில், அயோத்தியா குப்பத்தில், மீனவர் குலத்தில் சிங்காரவேலர் பிறந்தார். அங்கிருந்து அலையோரமாகத் தெற்கே நடந்தால் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று குப்பம் குப்பமாக அவருடைய மக்களே வாழ்ந்தார்கள். இன்றும் வாழ்கிறார்கள்.

கடலை நம்பிய மனிதனுக்கு வருமானம் நிச்சயம் இல்லை. ஒரு நாள் வலை நிறையும், மூன்று நாள் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். மீன் கிடைக்காத நாளுக்குக் கடலிடம் போய் நஷ்ட ஈடு கேட்க முடியாது. ஆனால் தொழிற்சாலை கடல் அல்லவே! அது மனிதன் கட்டியது, மனிதன் கணக்கெழுதி நடத்துவது. ஆண்டெல்லாம் லாபம் எடுத்தவன், ஒரு நாள் திடீரென்று கதவைச் சாத்திவிட்டுக் காலம் சரியில்லை என்றால் அதை இயற்கையின் சீற்றம் என்று எப்படி ஒப்புக்கொள்வது? அப்படி ஒப்புக்கொள்ளாதவர்தான் சிங்காரவேலர்.

குடும்பத்தில் வசதி இருந்தது. பிள்ளை நன்றாகப் படித்தார். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு சட்டம் படித்து, 1907-ல் சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 47. மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வயதில் அவர் தொழில் தொடங்கினார். புத்தகப் பித்து அவருக்கு உண்டு. விஞ்ஞானம், பௌத்தம், பொருளாதாரம், சரித்திரம் என்று வீடு நிறைய நூல்களைச் சேர்த்தார். சேர்த்ததோடு நிற்கவில்லை, படித்தார். படித்ததைப் பாமர மக்களுக்குப் புரியும்படி சொன்னார்.

கோர்ட்டு யாருக்காகத் திறந்தது?

1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னையில் மதராஸ் தொழிற்சங்கம் பிறந்தது. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களின் சங்கம் அது. சங்கம் என்ற சொல்லே முதலாளிகளுக்கு அப்போது பாம்பாகத் தெரிந்தது. பின்னி நிர்வாகம் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. தொழிலாளரை வேலைக்கு வராமல் தூண்டினார்கள் என்று சங்கத் தலைவர் வாடியா முதலியோர் மீது வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவும் வாங்கியது. கூலி உயர்வு கேட்டுக் கூட்டம் கூட்டியவர்கள் கோர்ட்டுக் குற்றவாளிகள் ஆனார்கள்!

சிங்காரவேலர் அந்த ஹைகோர்ட்டின் வக்கீல். சட்டம் யார் கையில் எப்படி வளைகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர். 1921-ல் அதே ஆலைத் தொழிலாளர் மாதக்கணக்கில் நடத்திய பெரும் வேலை நிறுத்தத்தில் அவர் தொழிலாளர் பக்கம் நின்றார். அதே ஆண்டில், ஒத்துழையாமை இயக்கத்தின்போது, தம்முடைய வக்கீல் அங்கியைத் தீயில் போட்டு எரித்தார். இனி இந்தக் கோர்ட்டில் பணத்துக்கு வாதாட மாட்டேன் என்பதே அதன் பொருள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கியை எரித்தாரே தவிர, சட்ட அறிவை அவர் எரிக்கவில்லை. அந்த அறிவைத் தொழிலாளர் வாசலுக்குக் கொண்டு வந்தார். 1922-ல் கயா காங்கிரஸ் மகாசபையில் கம்யூனிஸ்ட் என்று தம்மைப் பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டு தொழிலாளருக்காகப் பேசினார். 1923 மே 1-ந் தேதி சென்னைக் கடற்கரையில், ஹைகோர்ட்டுக்கு எதிரே ஒரு கூட்டமும் திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டமுமாக மே தினம் கொண்டாடினார். இந்திய மண்ணில் அதுவே முதல் மே தினம். தொழிலாளர் விவசாயிகள் கட்சியையும் அன்றே தொடங்கினார். தொழிலாளன் என்ற தமிழ்ப் பத்திரிகையையும் நடத்தினார். அங்கியை எரித்தவர் அந்தக் கோர்ட்டுக்கு எதிரேயே செங்கொடி ஏற்றினார்!

சர்க்கார் சும்மா இருக்குமா? 1924-ல் கான்பூர் சதி வழக்கில் அவர் பெயரையும் சேர்த்தது. உடல்நிலை காரணமாக அவர் விசாரணைக்குக் கொண்டு போகப்படவில்லை. 1925 டிசம்பரில் அதே கான்பூர் நகரத்துக்கு அவரே போனார், இந்தியாவின் முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை வகிக்க. அப்போது வயது 65.

1928: தண்டவாளம் மௌனமானது

இனி நம் கதையின் நடுப்பகுதிக்கு வருகிறோம்.

சென்னை எழும்பூரிலிருந்து செங்கற்பட்டு, விழுப்புரம் வழியாகத் தெற்கே போன பாதை அன்று தென்னிந்திய ரயில்வேக் கம்பெனியுடையது. லண்டனில் பங்குதாரர், இங்கே உழைப்பாளி. நாகப்பட்டினம், போத்தனூர் முதலிய இடங்களில் கம்பெனிக்குப் பட்டறைகள் இருந்தன. அவற்றைத் திரட்டித் திருச்சிக்கு அருகே பொன்மலையில் ஒரே பெரிய பட்டறையாக அமைப்பது என்று கம்பெனி திட்டமிட்டது. புதிய இயந்திரங்கள் வரும், ஆட்கள் குறைவாகப் போதும் என்று கணக்குப் போட்டது. 3,000 பேருக்கு மேல் வேண்டாதவர்கள் என்று முடிவு கட்டியது.

வேண்டாதவர் யார் என்று எப்படிப் பொறுக்குவது? அதற்குத் திறமைச் சோதனை என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். இருபது ஆண்டுகளாகக் கொல்லுலையில் நின்றவனுக்கு இன்று பரீட்சை! தேறாதவன் வீட்டுக்கு! இத்தனை காலம் அவன் செய்த எஞ்சின் ஓடவில்லையா, பெட்டி உருளவில்லையா? அது திறமையைச் சோதிக்க வந்த பரீட்சை அல்ல, ஆளைக் கழிக்க வந்த சல்லடை என்பதைத் தொழிலாளர் கண்டுகொண்டார்கள்.

தோழர்களே, அன்றைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆட்குறைப்புக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் நாட்டில் இல்லை. நோட்டீஸ் காலம், சேவை ஆண்டுக்கு இத்தனை நாள் சம்பளம், கடைசியில் வந்தவன் முதலில் போக வேண்டும் என்ற நியாயம் எதுவும் ஏட்டில் இல்லை. கம்பெனி மனமிரங்கிக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வழக்குப் போடலாம் என்றால் எந்தச் சட்டப்படி போடுவது? கோர்ட்டின் கதவு இருந்தது, ஆனால் அதைத் திறக்கும் சாவி தொழிலாளியிடம் இல்லை.

இருந்தது ஒன்றே ஒன்றுதான். வேலையை நிறுத்தும் உரிமை. 1928 ஜூன் கடைசியில் பட்டறைகளில் கொதிப்பு முற்றியது. கம்பெனி கதவடைத்தது. ஜூலை 19-ந் தேதி நள்ளிரவோடு ரயில்வே முழுவதும் வேலை நிறுத்தம் தொடங்கிற்று. சிங்காரவேலரும் வங்காளத்திலிருந்து வந்த முகுந்தலால் சர்க்காரும் ஊர் ஊராகச் சென்று தொழிலாளரிடையே பேசினார்கள். அப்போது சிங்காரவேலருக்கு வயது 68. நோயாளி உடம்பு. ஆனாலும் ரயில்வேத் தொழிலாளி அழைத்தபோது அவர் வீட்டில் உட்காரவில்லை.

அடக்குமுறையும் வந்தது. தலைவர்களைக் கைது செய்தார்கள். போலீஸ் காவலுடன் ரயில் ஓட்டினார்கள். சில ஊர்களில் துப்பாக்கியும் வெடித்தது. ஜூலை மாதம் முடிவதற்குள் வேலை நிறுத்தம் திரும்பப் பெறப்பட்டது. திரும்பி வந்தவர்களில் எல்லோருக்கும் வேலை கிடைக்கவில்லை. இதை மறைப்பதில் பயன் இல்லை. 1928-ல் தொழிலாளி தோற்றான்.

சிங்காரவேலர் மீதும் மற்றவர்கள் மீதும் சதி வழக்குத் தொடரப்பட்டது. சங்கத் தலைவர்களைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து காப்பதற்கென்று 1926-லேயே தொழிற்சங்கச் சட்டம் ஏட்டில் ஏறியிருந்தது. இரண்டே ஆண்டுக்குள், வேலை போகிறது என்று கதறியவர்களின் தலைவர்கள் சதிகாரர் என்று கூண்டில் நிறுத்தப்பட்டார்கள்! மூவாயிரம் குடும்பங்களின் அடுப்பை அணைக்கத் திட்டம் போட்டவர்கள் நிர்வாகிகளாம், அணைக்காதே என்றவர்கள் சதிகாரராம்! கோர்ட்டு சிங்காரவேலருக்குப் பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை கொடுத்தது. அறுபத்தெட்டு வயதுக் கிழவருக்குப் பத்து ஆண்டு என்றால் அதன் பொருள் என்ன? சிறையிலேயே செத்துப் போ என்பதுதானே! மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1930-ல் அவர் விடுதலையானார்.

வெளியே வந்தவர் ஓயவில்லை. பெரியாரோடு சேர்ந்து சுயமரியாதை இயக்கத்துக்குச் சமதர்மப் பாதை காட்டினார். குடி அரசு ஏட்டில் விஞ்ஞானமும் பொருளாதாரமும் எழுதினார். 1932-ல் உருவான ஈரோட்டுத் திட்டத்தில் அவர் கை உண்டு. கண் மங்கிய முதுமையிலும் தொழிலாளர் மேடைக்கு வந்தார். 1946 பிப்ரவரி 11-ந் தேதி, 86 வயது நிறைவதற்கு ஒரு வாரம் இருக்கையில், கண்ணை மூடினார்.

அவர் காணாத சட்டம்

அவர் மறைந்த மறு ஆண்டில், 1947-ல், தொழில் தகராறுச் சட்டம் வந்தது. அதிலும் ஆட்குறைப்பு நஷ்ட ஈடு இல்லை. 1953-ல்தான் அந்தச் சட்டத்தில் தனி அத்தியாயம் சேர்த்தார்கள். பொன்மலைப் பட்டறைக்காக 3,000 பேரை வெளியேற்ற முனைந்த நாளிலிருந்து எண்ணினால் கால் நூற்றாண்டு ஆயிற்று.

என்ன கொடுத்தது அந்தச் சட்டம்? ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவனை ஆட்குறைப்பு என்று அனுப்ப வேண்டுமானால், காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அல்லது ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தையும் ஓர் ஆண்டாகக் கணக்கிட வேண்டும். கடைசியில் வந்தவனே முதலில் போக வேண்டும், மீண்டும் ஆள் எடுக்கும்போது போனவனுக்கே முதலிடம். 1928-ல் திறமைச் சோதனை என்ற சல்லடையை எதிர்த்துத் தொழிலாளி கேட்ட நியாயம் இதுவே அல்லவா?

ஆனால் முதலாளிகள் ஓட்டை தேடினார்கள். முதல் ஓட்டை மறுபடியும் ஒரு ரயில்வேயில்தான் கிடைத்தது. மகாராஷ்டிரத்துப் பார்சி லைட் ரயில்வேயைச் சர்க்கார் 1954-ல் எடுத்துக்கொண்டது. பழைய கம்பெனி எல்லோரையும் விடுவித்தது. நஷ்ட ஈடு கேட்டு வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. நடக்கிற தொழிலில் உபரி ஆளை நீக்கினால்தான் ஆட்குறைப்பு, தொழிலையே மூடினாலோ கைமாற்றினாலோ அது ஆட்குறைப்பு ஆகாது என்று 1956 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பத்துப் பேரை நீக்கினால் பணம் உண்டு, எல்லோரையும் நீக்கினால் இல்லை என்று ஆயிற்று! தொழிற்சங்கங்கள் கொதித்தன. 1957-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆலையை மூடினாலும், கைமாற்றியதால் வேலை போனாலும் நஷ்ட ஈடு உண்டு என்றாயிற்று. தவிர்க்க முடியாத காரணத்தால் மூடினால் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் வேண்டாம் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். ஆனால் பண நெருக்கடியும் சரக்குத் தேக்கமும் மட்டுமே தவிர்க்க முடியாத காரணம் ஆகாது என்றும் எழுதினார்கள்.

1976-ல் மற்றொரு தீர்ப்பு வந்தது. நாள் குறித்து வேலைக்கு எடுத்து, நாள் முடிந்ததும் அனுப்பப்பட்ட ஸ்டேட் வங்கித் தற்காலிக ஊழியர் ஒருவரின் வழக்கு அது. எந்தக் காரணத்தால் வேலையை முடித்தாலும் அது ஆட்குறைப்பே என்று நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். நஷ்ட ஈடு கொடுக்காமல் அனுப்பியதால் அந்த ஊழியருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. உடனே மற்றோர் ஓட்டை தேவைப்பட்டது. 1984-ல் சட்டத்தைத் திருத்தி, ஒப்பந்தக் காலம் முடிந்து போகிறவனுக்கு ஆட்குறைப்பு நஷ்ட ஈடு இல்லை என்றார்கள். ஒரு கை கொடுத்ததை மறு கை பிடுங்கும் கதை இது. சட்டத்தை எழுதியவர்கள் மாறினார்கள், கோர்ட்டில் அமர்ந்தவர்கள் மாறினார்கள். இழுபறி மட்டும் மாறவில்லை.

நம் வட்டாரத்துப் பாடம்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ந் தேதியோடு உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முன்பே பல ஆயிரம் பேர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறியிருந்தார்கள். இருபது, இருபத்தைந்து வயதில் ஓய்வா! விருப்பமா! ஆனால் சட்டத்தின் கண்ணில், விருப்ப ஓய்வு ஆட்குறைப்பு அல்ல. தாளில் விருப்பம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனுக்கு, பிறகு ஆட்குறைப்பு என்று வழக்காடுவது மிகக் கடினம்.

மறைமலை நகரில் போர்டு கார்த் தொழிற்சாலையை மூடப் போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். அங்கே தொழிலாளர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கலைந்து போகவில்லை. 2022-ல் வேலையை நிறுத்தி, வாசலில் உட்கார்ந்து, உயர்ந்த தொகை கேட்டார்கள். சட்டம் ஆண்டுக்கு 15 நாள் என்கிறது. அங்கே பேரமோ ஆண்டுக்கு 100 நாள் சம்பளத்தையும் தாண்டிய இடத்தில் நடந்தது. கேட்டது முழுவதும் கிடைத்ததா? இல்லை. வேலை திரும்ப வந்ததா? அதுவும் இல்லை. ஆனால் சட்டம் சொல்வது தரை மட்டுமே, கூரை அல்ல என்பதை நம் கண் முன்னால் அவர்கள் காட்டினார்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரம் எழுவது என்பது சங்கத்தின் பலத்தைப் பொறுத்தது.

மாமல்லபுரக் கரைக்கு வாருங்கள். அங்கே பெரிய ஆலைகள் இல்லை. சிற்பக் கூடத்தில் பத்துப் பேர், விடுதியில் முப்பது பேர். நாங்கள் சின்ன இடத்தில் வேலை செய்கிறோம், எங்களுக்கு ஏது சட்டம் என்று கல்லுளி பிடித்த தோழரும் அறை துடைக்கும் தோழியும் நினைக்கிறார்கள். அது தவறு. ஆட்குறைப்பு நஷ்ட ஈட்டுக்கு ஐம்பது பேர், நூறு பேர் என்ற கணக்கு கிடையாது. ஓராண்டில் 240 நாள் வேலை செய்த தொழிலாளி சின்னக் கூடத்தில் இருந்தாலும் கேட்கலாம். ஆனால் வேலை செய்ததற்கு அத்தாட்சி வேண்டும். சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, வங்கியில் விழுந்த பணம், சேம நிதி எண், எது இருந்தாலும் பத்திரப்படுத்த வேண்டும். வழக்கில் தோற்கிறவர்களில் பலர் நியாயம் இல்லாமல் தோற்பதில்லை, காகிதம் இல்லாமல் தோற்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 26,000 ரூபாய் சம்பளம், 12 ஆண்டு 7 மாதச் சேவை என்று வைத்துக்கொள்வோம். ஏழு மாதம் ஆறைத் தாண்டிவிட்டதால் 13 ஆண்டு. அரை மாதச் சம்பளம் 13,000. பதின்மூன்றால் பெருக்கினால் 1,69,000 ரூபாய். நோட்டீஸ் கொடுக்காவிட்டால் ஒரு மாதச் சம்பளம் 26,000 தனி. சட்டப்படி வரும் பணிக்கொடை இதில் சேராது, அதுவும் தனி. சேம நிதியும் தனி. எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் குழைத்து, பார், எவ்வளவு பெரிய பணம் என்று காட்டுவது பழைய தந்திரம். பிரித்து எழுதிக் கேளுங்கள்.

இன்று எச்சரிக்கை ஏன்?

2025 நவம்பர் 21-ந் தேதி முதல் பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்தில் 2020-ம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஒரு மாத நோட்டீசும் ஆண்டுக்கு 15 நாள் சம்பளமும் அதிலும் இருக்கின்றன. வேலை இழந்தவனின் மறு பயிற்சிக்கென்று இன்னும் 15 நாள் சம்பளத்தை முதலாளி நிதியில் கட்ட வேண்டும் என்று புதிதாகவும் சேர்த்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் பறித்ததைப் பாருங்கள். முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்புச் செய்யவும் ஆலையை மூடவும் சர்க்காரின் முன் அனுமதி வேண்டும். இப்போது அந்த எண்ணிக்கை 300. இருநூறு பேர் வேலை செய்யும் ஆலை இனிமேல் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேலை போனவன் தகராறு எழுப்பி நேரே மனுச் செய்ய மூன்று ஆண்டு இருந்தது, இரண்டாகக் குறைந்துவிட்டது. குறித்த கால வேலை என்று எடுக்கப்பட்டவன் ஆட்குறைப்புக் கணக்கிலேயே வரமாட்டான். மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் இன்று வாசலில் நுழையும் இளைஞர்களில் எத்தனை பேர் நிரந்தரத் தொழிலாளர் என்று தோழர்களே கணக்கெடுங்கள். இந்த மாற்றம் யாருக்கு லாபம் என்பது விளங்கிவிடும்.

ஆகவே நம் கட்சித் தோழர்களுக்கும் சங்கத் தோழர்களுக்கும் நாம் சொல்வது இது. வேலை போன தொழிலாளியிடம் ஆறுதல் சொல்வது மட்டும் போதாது. அவன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நாம் அவன் பக்கத்தில் இருக்க வேண்டும். தாளைப் படித்துக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வற்புறுத்திப் பணம் கொடுத்தால், உரிமையை விடாமல் வாங்குகிறேன் என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்ல வேண்டும். சமரச அதிகாரியிடம் மனு கொடுக்க நாள் தவறவிடக் கூடாது. தீர்ப்பு வந்தும் முதலாளி பணம் தராவிட்டால், நிலவரி பாக்கியைப்போல் கலெக்டர் மூலம் வசூலிக்க வழி உண்டு. அந்த வழியில் விடாமல் நடக்க வேண்டும்.

வழக்கு மட்டும் போதுமா என்றால், போதாது. கோர்ட்டு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். நஷ்ட ஈடு கொடுக்காமல் நீக்கினால் வேலையே திரும்பக் கிடைக்கும் என்றிருந்த காலம் மாறி, ஒரு தொகையோடு முடித்துவிடும் தீர்ப்புகள் இப்போது பெருகியிருக்கின்றன. கோர்ட்டே வேண்டாம் என்றால், அதுவும் தவறு. 1928-ல் சட்டம் இல்லாமல் தொழிலாளி எப்படி நசுக்கப்பட்டான் என்று பார்த்தோம். சட்டமும் வேண்டும், சங்கமும் வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று நொண்டும்.

சிங்காரவேலர் பெயரைச் சென்னைக் கலெக்டர் ஆபீசுக் கட்டிடம் இன்று தாங்கி நிற்கிறது. கட்டிடத்துக்குப் பெயர் வைப்பது எளிது. அந்தப் பெயருக்குரியவர் பத்தாண்டுத் தண்டனை வாங்கியது எதற்காக என்பதை மறக்காமல் இருப்பதே கடமை. செங்கற்பட்டு வழியாகப் போகும் ஒவ்வொரு ரயிலும், ஒரு காலத்தில் ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளி நிறுத்திக் காட்டிய பாதையில்தான் ஓடுகிறது. சேவை செய்த ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பது முதலாளி போட்ட பிச்சையும் அல்ல, சர்க்கார் கொடுத்த தானமும் அல்ல. தோற்றுப் போன ஒரு போராட்டம் கால் நூற்றாண்டு கழித்து ஈன்ற குழந்தை அது. அதை வளர்ப்பதும் பறிகொடுப்பதும் இனி நம் கையில் இருக்கிறது.

மறைமலை நகரில் நாளைக் காலை ஒரு தொழிலாளிக்கு அந்தத் தாள் நீட்டப்படலாம். தோழரே, பேனாவை எடுக்காதீர்! சங்க ஆபீசுக்கு வாரும்!